தொட்டியருகே நின்ற சிறுவன்: 'ரே' படமும் ரே சார்லஸின் வாழ்க்கையும்

ரே சார்லஸின் தம்பி ஜார்ஜ் துணி துவைக்கும் தொட்டியில் மூழ்கி இறந்தபோது ரேக்கு வயது ஐந்து. அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் கிரீன்வில் என்ற சிற்றூரில், 1935இல் நடந்தது இது. டெய்லர் ஹாக்ஃபோர்டு இயக்கி 2004இல் வெளிவந்த 'ரே' படத்தில் ஜார்ஜ் தொட்டிக்குள் விழுந்து கால்களை உதைக்கிறான். சற்றுத் தள்ளி நிற்கும் ரே, தம்பி விளையாடுகிறான் என்று எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறான். விபரீதம் உறைக்கும்போது அவன் உடல் அசைய மறுக்கிறது. தாய் ஓடிவந்து தூக்குகிறாள்; அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது.

டேவிட் ரிட்ஸுடன் சேர்ந்து ரே சார்லஸ் எழுதிய 'பிரதர் ரே' என்ற சுயசரிதை 1978இல் வெளியானது. அதில் இதே சம்பவம் வேறு விதமாக இருக்கிறது. விளையாட்டு என்று முதலில் நினைத்தது அங்கும் உண்டு. ஆனால் புரிந்த கணத்தில் சிறுவன் தொட்டிக்கு ஓடுகிறான், தம்பியைப் பிடித்து இழுக்கிறான். நனைந்த துணியின் கனம் சேர்ந்த அந்த உடலைத் தூக்க ஐந்து வயதுக் கைகளுக்கு வலுவில்லை. அதன் பிறகுதான் அலறிக்கொண்டு அம்மாவிடம் ஓடுகிறான்.

இரண்டு விவரிப்புக்கும் இடையே இருப்பது சில நொடிகள். படத்தின் மொத்தக் கட்டுமானமும் அந்தச் சில நொடிகளின்மீதுதான் நிற்கிறது. இழுத்தும் முடியாமல் போன சிறுவன் காலமெல்லாம் துக்கத்தைச் சுமப்பான். பார்த்துக்கொண்டு நின்ற சிறுவன் சுமப்பது குற்றவுணர்வை. துக்கத்தை வைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரத் திரைக்கதையை நகர்த்துவது கடினம், ஏனென்றால் துக்கம் எதையும் கேட்பதில்லை. குற்றவுணர்வு மன்னிப்பைக் கேட்கும். ஒளிந்திருந்து தொல்லை தரும். கடைசியில் மன்னிப்பு கிடைத்ததும் தீரும். திரைக்கதைக்கு வேண்டிய தொடக்கமும் நடுவும் முடிவும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

'ரே' எனக்குப் பிடித்த படம். அதில் சில காட்சிகள் இசைக் கலைஞர்களைப் பற்றி எடுக்கப்பட்ட எந்தப் படத்திலும் நான் காணாதவை. ஆனாலும், ஒரு மனிதன் தன் துன்பங்களை எப்படிக் கடந்தான் என்ற கேள்விக்கு அந்தப் படம் தரும் விடை தவறு என்றே கருதுகிறேன். ரே சார்லஸ் கற்றதையும் உழைத்ததையும் முடிவெடுத்ததையும் படம் பின்னுக்குத் தள்ளுகிறது. அவருக்கு நேர்ந்த காயத்தையும் அவருக்குக் கிடைத்த மன்னிப்பையும் முன்னால் கொண்டுவருகிறது. இந்தப் போக்கு ஹாக்ஃபோர்டுக்கு மட்டும் உரியதல்ல. புகழ்பெற்ற இசைக் கலைஞர்களின் வாழ்க்கைப் படங்கள் பலவற்றுக்கும் இதுவே இலக்கணமாகிவிட்டது. ரே சார்லஸ் விஷயத்தில் அதைச் சோதித்துப் பார்ப்பது எளிது, ஏனென்றால் அவர் தன் வாழ்க்கையைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசி வைத்திருக்கிறார்.

ரே சார்லஸ் ராபின்சன் 1930 செப்டம்பர் 23 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் ஆல்பனியில் பிறந்தார். கைக்குழந்தையாகவே கிரீன்வில்லுக்கு வந்துவிட்டார். தாய் அரீத்தா, ஊரார் வாயில் ரீத்தா. பிறர் வீட்டுத் துணிகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுத்துப் பிழைத்தவர், உடல் வலுவில்லாதவர். தந்தை பெய்லி ராபின்சன் பெரும்பாலும் ஊரில் இருந்ததில்லை. அவருடைய மனைவி மேரி ஜேனும் ரேயை மகனாகவே பாவித்தார். ரே இருவரையுமே தாய் என்று அழைத்தார். ரீத்தா கண்டிப்பு, மேரி ஜேன் செல்லம். இந்த இரண்டாவது தாய் படத்தில் இல்லை. தந்தையின் மனைவியும் மகனைப் பெற்றவளும் ஒரே ஊரில் பகையில்லாமல் ஒரு பிள்ளையைப் பகிர்ந்து வளர்த்தார்கள் என்பதைத் திரையில் விளக்க நேரம் பிடிக்கும். ஒற்றைத் தாய் என்ற உருவம் உடனே பார்வையாளர் மனத்தில் பதியும். திரைக்கதை எளிமையைத் தேர்ந்துகொண்டது.

தம்பி இறந்த சில மாதங்களில் ரேயின் பார்வை மங்கத் தொடங்கியது. ஏழு வயதுக்குள் முழுவதும் போய்விட்டது. க்ளாகோமா என்னும் கண் அழுத்த நோய் காரணமாக இருக்கலாம் என்பது பிற்கால ஊகம். மகனுக்குப் பார்வை திரும்பாது என்று தெரிந்ததும் ரீத்தா செய்ததை அக்கம்பக்கத்தார் கொடுமை என்று பேசினார்கள். விறகு வெட்ட, தரை துடைக்க, தண்ணீர் இறைக்க, சமைக்க என்று வீட்டு வேலை ஒவ்வொன்றையும் அவனுக்குப் பழக்கினார். தான் இல்லாத நாளில் மகன் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாது என்பது அவருடைய தீர்மானம்.

இந்தத் தீர்மானத்தைத்தான் படம் தன் ஆகச் சிறந்த காட்சியாக்கியிருக்கிறது. சிறுவன் வீட்டுக்குள் நுழைகிறான், நாற்காலியில் தடுக்கி விழுகிறான், அம்மாவை அழைத்து அழுகிறான். ஷேரன் வாரன் நடித்த தாய் சில அடி தொலைவில்தான் நிற்கிறாள். ஓடிப்போய்த் தூக்க உடல் துடிக்கிறது. வாயைத் திறக்காமல் நிற்கிறாள். அழுது ஓய்ந்த சிறுவன் காதைக் கொடுக்கிறான். அடுப்பில் கொதிக்கும் பாத்திரம் கேட்கிறது. வெளியே போகும் வண்டி கேட்கிறது. தரையில் ஒரு பூச்சியின் கீச்சொலி கேட்கிறது. தேடிச் சென்று அதைக் கையில் எடுக்கிறான். பிறகு தாய் நிற்கும் பக்கம் திரும்பி, அவள் அங்கே நிற்பதும் தனக்குக் கேட்கிறது என்கிறான். ஒலிகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வருவதால், இருண்ட திரையரங்கில் உட்கார்ந்திருக்கும் நாமும் அவனோடு சேர்ந்து அந்த அறையைக் கண்டுகொள்கிறோம். பார்வை இழப்பைப் பரிதாபமாகக் காட்டாமல் கவனமாகக் காட்டிய காட்சி இது. படத்துக்குச் சிறந்த ஒலிக்கலவைக்கான ஆஸ்கர் கிடைத்ததை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அறைதான் நினைவுக்கு வருகிறது.

அடுத்து வரவேண்டியது பள்ளி. படம் சிறுவனைப் பேருந்தில் ஏற்றி அனுப்புகிறது. அவன் சென்று சேர்ந்த இடத்தில் நடந்ததைப் பற்றிக் கிட்டத்தட்ட எதுவும் சொல்வதில்லை. அங்கே அவர் கழித்தது எட்டு ஆண்டுகள். 1937 முதல் 1945 வரை செயின்ட் அகஸ்டின் நகரில் இருந்த, காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்குமான ஃப்ளோரிடா அரசுப் பள்ளியில் படித்தார். பார்வையற்ற குழந்தைகளையும் தோல் நிறம் பார்த்துத் தனித்தனிக் கட்டடங்களில் வைத்திருந்த பள்ளி அது. நிறம் என்பதையே பார்க்க முடியாத பிள்ளைகளுக்கு நிறத்தின்படி சுவர் எழுப்பியிருந்தார்கள். அங்கே சேர்ந்த தொடக்கக் காலத்தில் தாங்க முடியாத வலி வந்து அவருடைய வலது கண் அகற்றப்பட்டது. ஏழு வயதுப் பிள்ளை தாயைப் பிரிந்து, இருட்டில், ஒரு கண்ணையும் இழந்து கிடந்த அந்த நாட்களைவிடப் பெரிய துன்பம் திரைக்கதைக்கு வேறெங்கே கிடைக்கும்? இருந்தும் படம் அதைத் தொடவில்லை.

அந்தப் பள்ளியில்தான் ரே சார்லஸ் இசை படித்தார். கிரீன்வில்லில் ரெட் விங் கஃபே என்ற சிறு கடை வைத்திருந்த வைலி பிட்மன் என்பவர், மூன்று வயதுப் பிள்ளையை பியானோ முன்னால் உட்காரவைத்து பூகி ஊகி இசையின் ஆசையை ஊட்டியிருந்தார். பள்ளி அந்த ஆசைக்கு எழுத்தறிவைச் சேர்த்தது. ப்ரெயில் இசைக்குறியீடு எப்படி இயங்குகிறது என்று தெரிந்தால் அந்த எட்டு ஆண்டுகளின் பெறுமதி புரியும்.

பார்வையுள்ளவர் படிக்கும் மேற்கத்திய இசைத்தாளில் ஐந்து கோடுகள் இருக்கும். சுரத்தின் உயரத்தைக் கண் ஒரே வீச்சில் பிடித்துவிடும். ப்ரெயிலில் கோடுகள் கிடையாது. எழுத்துகளுக்குப் பயன்படும் அதே ஆறு புள்ளிக் கட்டம்தான் சுரத்துக்கும். மேல் நான்கு புள்ளிகள் எந்தச் சுரம் என்பதைச் சொல்லும். கீழிரண்டு புள்ளிகள் அது எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைச் சொல்லும். எந்த ஸ்தாயி என்பதற்குத் தனிக் குறி முன்னால் வரும். பியானோவில் வலக்கை வாசிப்பதும் இடக்கை வாசிப்பதும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கும். இதில் பெரும் சிக்கல் ஒன்று உண்டு: படிப்பது விரல், வாசிப்பதும் விரல். படித்துக்கொண்டே இரு கைகளாலும் வாசிக்க முடியாது. ஒரு கையால் சில தாள அளவுகளைத் தடவிப் படித்து, மறு கையால் வாசித்துப் பார்த்து, மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு அடுத்த கைக்கு உரியதைப் படித்து மனப்பாடம் செய்ய வேண்டும். பிறகு இரண்டையும் மனத்துக்குள் ஒன்றாக்கி இரு கைகளையும் கட்டைகளில் வைக்க வேண்டும். ஷோபனின் படைப்பு ஒன்றையோ பேத்தோவனின் படைப்பு ஒன்றையோ இப்படித்தான் அந்தப் பிள்ளைகள் துண்டு துண்டாக உள்ளே இறக்கிக்கொண்டார்கள்.

இந்தப் பயிற்சியின் விளைவு வெறும் நினைவாற்றலோடு நிற்கவில்லை. ஒரு படைப்பின் ஒவ்வொரு இழையையும் தனித்தனியாகப் பிரித்து வைத்துக்கொண்டு, பிறகு மனத்துக்குள்ளேயே கோத்துக் கேட்கும் ஆற்றல் அதில் வளர்ந்தது. பின்னாளில் முழு வாத்தியக் குழுவுக்கும் அவர் இசைக்கோர்வை அமைத்த முறையைப் பாருங்கள். எக்காளத்துக்கு இது, சாக்ஸபோனுக்கு இது என்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் உரிய சுரங்களை வாயால் சொல்லச் சொல்ல மற்றொருவர் எழுதிக்கொள்வார். தாள் அவர் தலைக்குள் இருந்தது. 1948இல் சியாட்டிலில் பதின்ம வயதில் அவரைச் சந்தித்த, பின்னாளில் இசையமைப்பாளரான குவின்சி ஜோன்ஸ், வாத்தியங்களைச் சேர்த்து எழுதும் நுட்பத்தை இவரிடம்தான் கேட்டுக் கற்றார். இந்த ஆற்றல் வானத்திலிருந்து விழுந்ததல்ல. அரசாங்கம் பாகுபாட்டோடு நடத்திய ஏழைப் பள்ளி ஒன்றில், பெயர் அதிகம் தெரியாத ஆசிரியர்கள் கற்றுக்கொடுத்தது.

1945இல் ரீத்தா இறந்தார். ரேக்கு அப்போது பதினான்கு வயது. பள்ளியில் இருந்தபோது செய்தி வந்தது. தன் வாழ்க்கையில் நேர்ந்தவற்றிலேயே மிகப் பெரிய பேரிடி இதுதான் என்று சுயசரிதையில் அவர் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறார். தம்பியின் சாவும் பார்வை போனதும் அவர் கணக்கில் அதற்கு அடுத்தபடிதான். உண்ணாமல், பேசாமல், அழவும் முடியாமல் கிடந்த பையனை மா பெக் என்று ஊரார் அழைத்த ஒரு மூதாட்டி உலுக்கி எழுப்பி அழவைத்தார் என்று எழுதுகிறார். அவரே வகுத்துச் சொன்ன இந்த வரிசையைப் படம் தலைகீழாக்கி, தம்பியின் சாவை வாழ்க்கையின் அச்சாக்கியது.

அதன் பிறகு ஜாக்சன்வில், ஆர்லாண்டோ, டாம்பா. பசியோடு கழிந்த ஆண்டுகள். கிடைத்த இடத்தில் வாசித்தார். டாம்பாவில் ஃப்ளோரிடா பிளேபாய்ஸ் என்ற வெள்ளையர் குழுவில் கிராமிய வகைப் பாடல்களுக்கு பியானோ வாசித்ததும் இந்தக் காலத்தில்தான். 1962இல் அவர் 'மாடர்ன் சவுண்ட்ஸ் இன் கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் மியூசிக்' தொகுப்பை வெளியிட்டபோது, கறுப்பினப் பாடகர் வெள்ளையரின் கிராமிய இசைக்குள் துணிந்து நுழைந்துவிட்டார் என்று வியந்தார்கள். சிறு வயதில் வானொலியில் கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற கிராமிய இசை நிகழ்ச்சியைக் கேட்டு, பதினாறு பதினேழு வயதில் அதே இசையை வாசித்துச் சோறு தின்ற ஒருவருக்கு அது பழகிய தெரு.

1948இல், டாம்பாவிலிருந்து ஆகத் தொலைவில் உள்ள நகரம் எது என்று நண்பரை வரைபடத்தில் பார்க்கச் சொல்லி சியாட்டிலுக்குப் பேருந்து ஏறினார். அங்கே நாட் கிங் கோலைப் போலவும் சார்லஸ் பிரவுனைப் போலவும் பாடினார். அப்படிப் பாடினால்தான் கூலி கிடைத்தது. 1952இல் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனம் அவருடைய ஒப்பந்தத்தை 2,500 டாலருக்கு வாங்கியது. 1954 நவம்பரில் அட்லாண்டாவில் ஒரு வானொலி நிலையத்தின் அறையில் 'ஐ காட் எ வுமன்' பதிவானது. தேவாலயத்தில் பாடப்படும் காஸ்பெல் பாட்டின் உருவத்தை எடுத்து, ஆண்டவன் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்த பாட்டு அது. பக்தர்கள் கொதித்தார்கள். அந்தக் கொந்தளிப்பைப் படம் நன்றாகக் காட்டுகிறது. 1958இன் இறுதியில் ஒரு நடன நிகழ்ச்சியில் வாசிக்கப் பாட்டு தீர்ந்துபோக, மீதி நேரத்தை நிரப்ப மேடையிலேயே பிறந்த 'வாட்'ட் ஐ சே' உருவாகும் காட்சியும் அப்படித்தான். பின்னணிப் பாடகிகளுக்கு, நான் பாடுவதைத் திருப்பிப் பாடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தொடங்குகிறார். பாட்டு நம் கண்ணெதிரே கட்டப்படுகிறது. ஒரு தொழிலாளி தன் கருவிகளோடு வேலை செய்வதைப் பார்க்கும் இன்பம் அது.

ரேயாக நடித்த ஜேமி ஃபாக்ஸும் அந்த வேலையை அறிந்தவர். பியானோவை முறையாகக் கல்லூரியில் படித்தவர் என்பதால் திரையில் விரல்கள் பொய் சொல்வதில்லை. படப்பிடிப்பு நாட்களில் கண்களை மூடி ஒட்டும் செயற்கைத் தோலைப் பல மணி நேரம் அணிந்திருந்தார். பாடும் குரல் பெரும்பாலும் ரே சார்லஸுடையதே. குரல் ஒருவரிடமும் உடல் இன்னொருவரிடமும் இருந்தும், தோள்களின் ஆட்டத்திலும் முகம் மேல்நோக்கித் திரும்பும் விதத்திலும் இரண்டும் ஒன்றாகின்றன. 2005இல் ஃபாக்ஸுக்குக் கிடைத்த ஆஸ்கர் முற்றிலும் தகுதியானது. ஆறு பரிந்துரைகளில் படம் வென்ற மற்றொன்றுதான் நான் முன்பு சொன்ன ஒலிக்கலவை விருது.

இப்போது ஹெராயினுக்கு வருவோம். ரே சார்லஸ் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் அந்தப் பழக்கத்தில் இருந்தார். 1955இலும் 1961இலும் கைதானார். 1964 அக்டோபரில் பாஸ்டன் விமான நிலையத்தில் பிடிபட்டது மூன்றாவது முறை. படத்தில் இந்தப் பழக்கத்தின் வேர் தொட்டித் தண்ணீரில் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் உள்ளே தண்ணீர், தொட்டால் ஒரு சிறுவனின் கை என்று பிரமைகள் துரத்துகின்றன. கடைசியில் மருத்துவமனையில் போதை இறங்கும் வேதனையின் உச்சத்தில் தாய் தோன்றுகிறாள். ரேயைப் பார்வையுள்ளவராக நாம் பார்க்கிறோம். தம்பி வந்து, உன்மேல் தவறில்லை என்கிறான். நோய் தீர்கிறது.

இந்த விளக்கத்தை ரே சார்லஸ் தானே முன்கூட்டி மறுத்திருந்தார். யாரும் தன்னைக் கெடுக்கவில்லை, குருடன் என்பதாலோ கறுப்பன் என்பதாலோ ஊசியைத் தேடவில்லை, மற்றவர்கள் செய்வதைப் பார்த்து ஆசைப்பட்டு வலியப் போய்க் கேட்டேன் என்று சுயசரிதையில் சொல்கிறார். பழக்கத்தை விட்டதற்கும் அவர் சொல்லும் காரணம் எளியது: சிறை பற்றிய அச்சமும் பிள்ளைகள் பற்றிய எண்ணமும். மகனின் பேஸ்பால் பரிசளிப்பு விழாவிலிருந்து ஒலிப்பதிவுக்காகப் பாதியில் எழுந்து போக நேர்ந்தபோது மகன் அழுத அழுகை தன்னை உலுக்கியது என்கிறார். 1965இல் கலிஃபோர்னியாவின் லின்வுட் நகரில் செயின்ட் பிரான்சிஸ் மருத்துவமனையில் சேர்ந்தார். மாற்று மருந்து எதையும் ஏற்காமல் சில நாட்களில் போதையைக் கடந்தார். அந்த ஆண்டு முழுவதும் மேடை ஏறவில்லை. சிறைத் தண்டனை தவிர்க்கப்பட்டு, நீதிமன்றத்தின் கண்காணிப்பில் விடப்பட்டார். ஹெராயினை அதன் பிறகு தொடவில்லை; ஜின்னும் கஞ்சாவும் தொடர்ந்தன. ஒருவர் தன் ஆசையையும் பொறுப்பையும் தானே ஏற்றுக்கொண்டு சொன்ன வாக்குமூலத்தைவிட, அவருக்காக மற்றொருவர் கற்பித்த காயம் எப்படி அதிக உண்மையாகும்? இந்த இடத்தில் எனக்குப் படத்தின்மீது வருத்தமே உண்டு. தன் தவற்றுக்குத் தானே பொறுப்பு என்று சொல்லும் உரிமையை அது ரேயிடமிருந்து பறிக்கிறது.

காலக்கணக்கும் இதற்காக வளைக்கப்படுகிறது. அவருடைய காதலியும் ரேலட்ஸ் என்ற பின்னணிப் பாடகிகள் குழுவின் முதன்மைப் பாடகியுமான மார்ஜி ஹென்ட்ரிக்ஸ் படத்தில் அவர் சிகிச்சைக்குப் போகுமுன்பே இறந்துவிடுகிறார். அந்த மரணச் செய்தி அவரைச் சிகிச்சையை நோக்கித் தள்ளும் படிகளில் ஒன்றாகிறது. உண்மையில் மார்ஜி இறந்தது 1973இல்.

ஜார்ஜியா விவகாரமும் இதே அச்சில் வார்க்கப்பட்டது. படத்தில், 1961இல் அகஸ்டா நகருக்கு நிகழ்ச்சிக்காக வந்து இறங்கும் ரே, வெளியே எதிர்ப்புக் குரல் எழுப்பும் மாணவர்களைச் சந்திக்கிறார். அந்த இடத்திலேயே மனம் மாறித் திரும்புகிறார். ஜார்ஜியா மாநிலம் அவருக்கு வாழ்நாள் தடை விதிக்கிறது. 1979இல் மாநிலச் சட்டமன்றம் தடையை நீக்கி மன்னிப்புக் கேட்கிறது. அரங்கம் எழுந்து நிற்கப் படம் முடிகிறது.

தடை என்று ஒன்று விதிக்கப்பட்டதே இல்லை. 1961 மார்ச்சில் அகஸ்டாவின் பெல் அரங்கில் நடனத் தளம் வெள்ளையருக்கு மட்டும், கறுப்பினத்தார் மாடத்தில் என்று ஏற்பாடாகியிருந்தது. அங்குள்ள பெய்ன் கல்லூரி மாணவர்கள் தந்தி அனுப்பினார்கள். ரே நிகழ்ச்சியை ரத்து செய்தார். ஏற்பாட்டாளர் வழக்குத் தொடுத்தார், 1962இல் நீதிமன்றம் 757 டாலர் செலுத்தச் சொன்னது, செலுத்தினார். அடுத்த ஆண்டே அதே பெல் அரங்கில் இரு இனத்தாரும் கலந்து அமர்ந்திருக்கப் பாடினார். ரத்து செய்த நிகழ்ச்சியைப் பற்றி அவர் எழுதியிருப்பது படத்தைவிடக் கூர்மையானது. பிரித்து உட்காரவைப்பதானால் கறுப்பினத்தார் கீழே இருக்கட்டும், வெள்ளையர் மாடிக்குப் போகட்டும், என்னை ஆளாக்கியவர்கள் என் மக்கள்தானே என்று ஏற்பாட்டாளரிடம் சொன்னாராம். அதுவரை பிரிவினை அரங்குகளில் எத்தனையோ முறை பாடியவர்தான். மாணவர்கள் கேட்டார்கள், அவர் யோசித்தார், முடிவெடுத்தார், அதன் விலையைக் கொடுத்தார். தந்தி அனுப்பிய மாணவர்களுக்கும் இதில் சமபங்கு உண்டு. படம் இந்தச் செயலை நாடுகடத்தப்பட்ட மகனின் கதையாக்கி, பிறந்த மண் அவனை மன்னித்து ஏற்றுக்கொள்வதாக முடிக்கிறது. 1979இல் உண்மையில் நடந்தது இவ்வளவுதான்: மார்ச் 7 அன்று அவர் சட்டமன்றத்தில் பாடினார், அடுத்த மாதம் அவர் பாடிய 'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' மாநிலத்தின் அதிகாரபூர்வப் பாடலானது. ஒரு காலத்தில் அவரை மாடத்தில் உட்காரவைத்திருக்கக்கூடிய மாநிலம் அவருடைய குரலைத் தன் அடையாளமாக்கிக்கொண்டது. அதுவே போதுமான வெற்றி. இல்லாத தடையைச் சேர்த்து அதற்கு எடை கூட்டவேண்டிய தேவை இல்லை.

தம்பியின் சாவு, அதனால் குற்றவுணர்வு, அதனால் போதை, பிறகு மீட்சி, பிறகு கைதட்டல். இந்த வரிசை எங்கோ கேட்டதுபோல் இருந்தால் வியப்பில்லை. அடுத்த ஆண்டே, 2005இல் வெளிவந்த, பாடகர் ஜானி கேஷ் பற்றிய 'வாக் த லைன்' படமும் இதே படிகளில்தான் ஏறியது. கேஷின் அண்ணன் ஜாக் 1944இல் மரம் அறுக்கும் ரம்பத்தில் அடிபட்டு இறந்தது உண்மையே. ஆனால் அடுத்தடுத்து வந்த இரண்டு படங்களில் இரண்டு வெவ்வேறு மனிதர்களின் வாழ்க்கை ஒரே சாவியால் திறக்கப்பட்டபோது, சாவி கதைக்காரர்களுடையது என்பது தெரிந்துவிட்டது. 2007இல் 'வாக் ஹார்ட்' என்ற நையாண்டிப் படம் இந்த வாய்ப்பாட்டையே எடுத்துக்கொண்டு, அண்ணனின் சாவிலிருந்து தொடங்கியது.

ஹாக்ஃபோர்டின் தரப்பில் ஒரு நியாயமும் இருக்கிறது. 1987இல் உரிமை பெற்றவர், படத்தை முடிக்கப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் அலைந்தார். பெரிய ஸ்டுடியோ எதுவும் பணம் போட முன்வரவில்லை. ஃபிலிப் அன்ஷுட்ஸ் என்ற செல்வந்தர் முதலீடு செய்தார், சிறுவர்களும் பெற்றோர் துணையோடு பார்க்கத் தகுந்த சான்றிதழுக்குள் படம் அடங்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஹெராயினும், பத்துப் பெண்களிடம் பிறந்த பன்னிரண்டு பிள்ளைகளும் நிறைந்த ஒரு வாழ்க்கையை அந்த எல்லைக்குள் சொல்ல வேண்டுமானால், தவறுகளுக்கு ஒரு அனுதாபக் காரணம் கட்டாயம் வேண்டியிருந்திருக்கும். இது என் ஊகம்தான். ஆனால் படத்தின் தண்ணீர்ப் பிரமைகள் எனக்கு அப்படித்தான் புரிகின்றன.

வேறு வழியில்லையா என்றால், இருக்கிறது. 'ரே'க்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 2002இல் வெளிவந்த ரோமன் போலன்ஸ்கியின் 'த பியானிஸ்ட்' வார்சாவின் யூத பியானோக் கலைஞர் வ்லாடிஸ்லாவ் ஷ்பில்மனைப் பற்றியது. அவர் ஏன் பிழைத்தார் என்பதற்கு அந்தப் படம் உளவியல் காரணம் தேடுவதில்லை. நாஜிகள் ரயிலேற்றிய கூட்டத்திலிருந்து ஒருவர் பிடித்து இழுத்துவிட்டார், சிலர் உயிரைப் பணயம் வைத்து ஒளித்து வைத்தார்கள், கடைசியில் வில்ம் ஹோசன்ஃபெல்ட் என்ற ஜெர்மன் அதிகாரி உணவு கொடுத்தார். அங்கும் உண்மை சற்று மாற்றப்பட்டிருக்கிறது: ஹோசன்ஃபெல்டுக்கு முன்னால் ஷ்பில்மன் வாசித்தது ஷோபனின் ஒரு நாக்டர்ன், படத்தில் அது பேலட் ஆகிறது. ஆனால் இந்த மாற்றம் மனிதரின் செயலை மாற்றவில்லை. குடும்பத்தை இழந்ததற்கு யாரும் வந்து ஆறுதல் சொல்வதில்லை. போர் முடிகிறது, அவர் மறுபடி வானொலி நிலையத்தில் வாசிக்க உட்காருகிறார்.

'ரே' 1960களின் நடுவில் நின்றுவிடுகிறது. பிறகு 1979க்குத் தாவி முடிகிறது. மீதி எல்லாம் திரையில் எழுத்தாக ஓடுகிறது. மருத்துவமனையிலிருந்து வெளியே வந்த ரேக்கு வயது சுமார் 35. இன்னும் ஏறத்தாழ நாற்பது ஆண்டு வேலை மிச்சம் இருந்தது. 1959இல் ஏபிசி பாரமவுண்ட் இசைத்தட்டு நிறுவனத்தோடு செய்த ஒப்பந்தத்தில் தன் பாடல்களின் மூல ஒலிநாடாக்கள் தனக்கே சொந்தம் என்று வாங்கிக்கொண்டவர் அவர். அன்றைக்கு எந்தப் பாடகருக்கும் எளிதில் கிடைக்காத உரிமை அது. இளம் வயதில் ஏமாற்றுக்குப் பயந்து ஒரு டாலர் நோட்டுகளாகவே கூலி கேட்டு எண்ணி வாங்கிய பையனின் நேர் வளர்ச்சி இந்த ஒப்பந்தம். இரண்டும் படத்தில் இருக்கின்றன, இடையிலான கோடு மட்டும் அழுத்தமாக இழுக்கப்படவில்லை. 1960களின் நடுவில் லாஸ் ஏஞ்சலஸின் மேற்கு வாஷிங்டன் சாலையில் சொந்தக் கட்டடம் கட்டி, அதில் சொந்த ஒலிப்பதிவுக்கூடம் அமைத்து, ஒலிப்பதிவுக் கருவிகளைத் தானே தடவி இயக்கி, இறுதிவரை அங்கேயே வேலை செய்தார். துன்பத்தை அவர் கடந்த விதம் இந்தக் கட்டடத்தில் செங்கல்லாக நின்றது.

ஹாக்ஃபோர்டு திரைக்கதையை ப்ரெயிலில் அச்சிட்டு அவரிடம் கொடுத்தார். விரலால் முழுவதும் படித்தார் ரே. மனைவிக்குச் செய்த துரோகங்கள், ஊசி, கைதுகள், கூட இருந்தவர்களைக் கைவிட்டது எல்லாம் அதில் இருந்தன. அவற்றில் எதையும் நீக்கச் சொல்லவில்லை. இரண்டே இடங்களை மறுத்தார். மார்ஜிக்கு ஹெராயின் ஏற்றிக்கொள்ளத் தான் கற்றுக்கொடுத்ததாக வரும் இடம் ஒன்று. சிறுவன் ரே வேண்டா வெறுப்பாக பியானோ கற்கத் தொடங்குவதாக எழுதப்பட்டிருந்த இடம் மற்றொன்று. பியானோவிடம் தன்னை யாரும் இழுத்துப்போகவில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார். காட்சி நீக்கப்பட்டது. படத்தின் முதல் தொகுப்பை அவர் காதால் கேட்டார். 2004 ஜூன் 10 அன்று இறந்தார். படம் அக்டோபர் 29 அன்று வெளியானது.